எண்பத்தாறு டிகிரி

எல் ஆல்ட்டோவில் தண்ணீருக்குப் பொறுமை கிடையாது.
எண்பத்தாறு டிகிரிக்கே தளதளவென்று குதித்துவிடும்.
கொதிக்கிறதே என்று நம்பி
உருளைக்கிழங்கை இறக்கினால்
உள்ளே கல்.

கிருமியும் அப்படித்தான்.
சுட்டது போலிருக்கும். சாகாது.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில்
பத்தொன்பது வருஷமாகக் கழுவுகிறவள் நான்.
என்ன வேலை என்று மினிபஸ்ஸில் யாராவது கேட்டால்
பாத்திரம் துலக்குகிறேன் என்பேன்.
பொய்யில்லை.
கத்தரிக்கோலின் மூட்டை விரிக்காமல் கழுவினால்
கழுவவில்லை என்று அர்த்தம்.
குழாய்க்குள் நுழைந்த பிரஷ்
மறுமுனையில் தலை காட்ட வேண்டும்,
காட்டியபின் இன்னொரு தடவை.
ஊசிமுனை அளவு ரத்தம் காய்ந்திருந்தாலும்
எவ்வளவு ஆவி அடித்தும்
வெந்த அழுக்குதான் மிஞ்சும்.
பூதக்கண்ணாடி என்னுடையது.
வீட்டிலிருந்து கொண்டுவந்தேன்.

போன ஜூனில் புது இயந்திரம் வந்தது.
நன்கொடை, ஏதோ துறைமுக ஊரிலிருந்து.
வெள்ளி வயிறு, சிவப்பு முள்.
பதினைந்தில் நின்றால் போதும் என்று சொல்லிவிட்டு
பொருத்த வந்த பையன்
மூச்சு வாங்க, மண்டையைப் பிடித்துக்கொண்டு
அன்றைக்கே மலையிறங்கிப் போனான்.

முள் பதினைந்தில்தான் நின்றது.
பொட்டலத்தில் ஒட்டிய பட்டையில் கோடுகள் வந்தன.
கறுப்பு என்று சொல்லலாம்.
பால் கலந்த காப்பி என்றும் சொல்லலாம்.
கறுப்பு என்று பதிவேட்டில் எழுதினேன்.

திங்கள் இரவு உள்ளே வைத்த சோதனைக் குப்பி
புதன் காலை மஞ்சள்.
ஊதாவாகவே இருந்திருக்க வேண்டும்.
மஞ்சள் என்றால் எதுவோ பிழைத்துக்கொண்டது,
தின்கிறது, பெருகுகிறது.

முள் ஏமாற்றவில்லை.
கடற்கரைக் கணக்கைச் சொன்னது.
அங்கே பதினைந்து என்றால் இங்கே இருபத்தொன்று.
எங்கள் நாட்டுக்குக் கடலே கிடையாது.
கடலை நம்பி
மூன்று நாள் அரைவேக்காடாக அவித்திருக்கிறோம்.

லிஃப்ட் வழக்கம்போல் ஓடவில்லை.
இங்கேயே பிறந்த நுரையீரலுக்கும்
நாலு மாடி நாலு மாடிதான்.
டாக்டர் உர்க்கிதி
கையுறை போட்ட கைகளைத் தூக்கியபடி நின்றார்.
"கொதித்ததுதானே, நிக்கோலாசா?"
"கொதித்தது டாக்டர். வேகவில்லை."
கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்தார்.
பிறகு கையுறையை உரித்தார்.

முப்பத்திரண்டு பொட்டலத்தில்
முப்பத்தொன்று திரும்பி வந்தது.
ஒன்றைச் செவ்வாய் மதியமே பிரித்திருந்தார்கள்,
மினிபஸ்ஸில் ஊர்ப்பெயர் கூவுகிற லிம்பெர்த்தின்
தொடையெலும்பில் தகடு வைக்க.

அவனிடம் சொன்னார்கள். மருந்து ஏற்றினார்கள்.
அவன் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்:
"யார் கழுவியது?"
தள்ளுவண்டியோடு வாசலில் நின்றிருந்தேன்.
வாயைத் திறந்தேன்.
"இயந்திரக் கோளாறு" என்றாள் நர்ஸ்.
வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப்பின் தினமும்
அழுக்குத் தட்டு எடுக்கிற சாக்கில்
கட்டிலில் தொங்கும் தாளைப் படித்தேன்.
முப்பத்தேழு புள்ளி இரண்டு.
முப்பத்தேழு புள்ளி ஆறு.
மூன்றாம் இரவு முப்பத்தெட்டு புள்ளி நாலு.
அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை,
சுத்தமாயிருந்த இடுக்கிகளையெல்லாம்
திரும்ப எடுத்துத் தேய்த்தேன்.

ஆறாம் நாள் இறங்கியது.
பன்னிரண்டாம் நாள் ஊன்றுகோல் ஊன்றி
"செஹா, செஹா, இடமிருக்கு, ஏறு ஏறு" என்று
வார்டே சிரிக்கக் கூவிக்கொண்டு போனான்.
அந்தக் காய்ச்சல் கத்தியில் வந்ததா,
குளிரில் வந்ததா, சும்மா வந்ததா,
எந்தக் குப்பியும் சொல்லாது.

இப்போது இருபத்தொன்றுக்கு நேரே
கண்ணாடியில் ஒரு கோடு,
என் மகளின் நகப்பூச்சு.
பதிவேட்டில் அந்தக் 'கறுப்பை' அடிக்கவில்லை.
பக்கத்திலேயே, தேதி போட்டு,
'காப்பி நிறம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமை குப்பியை எடுத்துக்கொண்டு
வெளிச்சம் விழும் படிவரை ஏறுகிறேன்.
ஊதா.
திருப்பிப் பிடிக்கிறேன்.
ஊதா.