யா ஸாத்தர்

இர்பிதில் என் வாடகை அறைக்கு ஏறுமுன்
இரும்புக் கதவருகே நின்று
"யா ஸாத்தர்" என்று குரல் கொடுக்க வேண்டும்.
மறைப்பவனே என்று பொருளாம்.
வீட்டுக்காரர் நவ்ஃபல் முதல்நாளே சொல்லிவிட்டார்.

உள்ளே செருப்புகள் விரையும். ஒரு கதவு சாத்தும்.
பிறகு ஏறுவேன், சுவரைப் பார்த்தபடி.

ஏழு மாதம்.
அந்த வீட்டுப் பெண்கள் எனக்கு
ஏலக்காய் மணம், ஒரு தும்மல்,
படியில் வைத்துப்போன மூடிய தட்டு.

தேர்வு முடிந்த வெள்ளிக்கிழமை
மொட்டைமாடியில் பனியனும் இல்லாமல்
சட்டை அலசிக்கொண்டிருந்தேன்.

படிக்கட்டிலிருந்து ஒரு பெண்குரல்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு:
"யா ஸாத்தர்!"

ஈரச் சட்டையை நெஞ்சோடு அணைத்து
தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஓடினேன்.

கொடியில் போர்வைகள் உதறி விரியும் ஓசை.
அவசரமே இல்லை அவளுக்கு.
குளிரில் பல் கிட்ட
சுவரைப் பார்த்து நின்றபடி
கிளிப்புகளை எண்ணினேன்,
பதினொன்று வரை.