மெழுகுவர்த்தி, வகையறா

அக்கரையில் குண்டு விழுந்தால்
எங்கள் தாலுகா ஆபீஸ் சன்னல் நடுங்கும்.
பிறகு ஜீப் வரும். பிறகு தாள் வரும்.
தாளைத் தட்டச்சு செய்வது நான்.

'அறுபது நாட்களுக்கு மட்டும்' என்று முடியும் ஆணை
ஒன்பது வருஷமும் அறுபது நாளாகவே இருந்தது.
தேதிமேல் மட்டும் சிவப்பு மை தடவி,
ஊதிக் காயவைத்து, மறுபடி அடிப்பேன்.
ஸ்டென்சில் கிழியும்வரை
அரசு அவசரத்தில் இருந்தது.

பட்டியல் மனப்பாடம்:
இருபது லிட்டருக்கு மேல் டீசல்,
நாலுக்கு மேல் பேட்டரிக் கட்டை,
சைக்கிள் ட்யூப், யூரியா, அலுமினியத் தகடு,
மருத்துவப் பஞ்சு.
பாம்பன் பாலத்தைப் பார்த்து நின்று பீடி பற்றவைக்கக் கூடாதென்று
எழுத்தில் எங்கும் இல்லை;
ஆனாலும் அடி விழுந்தது.

பேறுகாலத்துக்குப் பஞ்சு கேட்டு
வேதாளையிலிருந்து சீனி உதுமான் வந்தார்.
வி.ஏ.ஓ. சான்று, ஆர்.ஐ. சான்று, ரேஷன் கார்டு நகல்.
மூன்றாம் கையெழுத்து விழுவதற்குள்
பிள்ளை கைலித் துணியில் பிறந்துவிட்டது.
விண்ணப்பத்தைத் திரும்பக் கேட்டார்.
தர முடியாது, கோப்பில் சேர்ந்துவிட்டது.

என் தவறு பதினோராவது இனத்தில்.
மூலத்தில் 'மெழுகு' என்றுதான் இருந்தது,
பீப்பாயில் வருவது, எதற்கோ ஆகுமாம்.
அன்றைக்குக் கரண்ட் இல்லை.
மேசையில் ஒன்று எரிந்துகொண்டிருந்தது.
விரல் தானாக 'வர்த்தி' சேர்த்துவிட்டது.
தாசில்தார் படிக்காமல் கையெழுத்திட்டார்.
படித்தவர்கள்
ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள்.
தங்கச்சிமடத்தில் லூர்தம்மாள்
சிப்பி ஓட்டில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டாள்.
கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை;
மண்ணுக்குக் கீழே ஒன்றுமில்லை, மேலே சிலுவை மட்டும்.
காற்று அணைத்தது. பற்றவைத்தாள். அணைத்தது.
நல்லவேளை,
தீப்பெட்டி பட்டியலில் இல்லை.
கோயில் வாசலில் பிச்சை ரோச்சைப் பிடித்தார்கள்:
பதினெட்டுப் பாக்கெட், ஒன்றுக்கு ஆறு,
ஆக நூற்றெட்டு.

தாசில்தாரிடம் போய்ச் சொன்னேன், பிழை என்னுடையதென்று.
"கேஸ் பதிவாயிடுச்சும்மா.
இப்ப டைப்பிங் பிழைன்னா கைதும் பிழையாயிடும்.
ஏட்டுக்கு வெகுமதிக்கு வேற எழுதியாச்சு.
பேசாம இரு. அடுத்த தடவை
மெழுகுவர்த்தி, வகையறான்னு அடி."
அடித்தேன்.

சண்டை ஓய்ந்தது.
சன்னல் நடுங்கவில்லை, தாள் மட்டும் வந்தது.
வாலிநோக்கம் உப்பளத்தில்
கூலி கேட்டுப் பெண்கள் உட்கார்ந்த அன்று
முகப்பு வரி மாறவே இல்லை:
'அண்டை நாட்டில் நிலவும் சூழலைக் கருத்திற்கொண்டு'.
வேனில் ஏற்றும்போது நம்புச்செல்வி கேட்டாளாம்,
"எந்த நாடு சார், ஏர்வாடியா?"

நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.
ரோச்சின் வழக்கு இன்னும் பெறவில்லை.
வாய்தா அன்று பின்பெஞ்சில் போய் உட்காருவேன்.
யாரென்று அவருக்குத் தெரியாது;
ஒருமுறை எனக்கும் டீ வாங்கித் தந்தார்,
சர்க்கரை கம்மியா என்று கேட்டு.

போன மே மாதம்
சான்றுப்பொருளைக் கொண்டுவரச் சொன்னார் நீதிபதி.
சாக்கை அவிழ்த்தார்கள்.
தகரக்கூரை அறையில், ராமநாதபுரத்தின் பத்தொன்பது கோடையில்
நூற்றெட்டும் உருகி ஒட்டி
ஒரே கட்டி,
மேலெல்லாம் சாக்கின் பின்னல் பதிந்து.

எண்ணிக் காட்டச் சொன்னார்கள்.
வெளியே துருத்திய திரிகளைத்
தொட்டுத் தொட்டு எண்ணினார் ஏட்டு.
நாற்பத்தொன்று வந்தது.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.