வேறு (குறிப்பிடுக)

ஒரு படிவத்துக்கு இருநூற்றைம்பது ரூபாய்.
முப்பத்திரண்டு கேள்வி.
அல்லைப்பிட்டிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கும்போதே
டப்லட்டில் பாதிச் சார்ஜ்தான்.

பெயரும் வயதும் சுகமாகப் போகும்.
நாலாவது கேள்வியில்தான் ஆட்கள்
என் செருப்பைப் பார்க்கத் தொடங்குவார்கள்:
காலநிலை மாற்றம் நிகழ்வதாக நம்புகிறீர்களா?
முற்றாக. ஓரளவு. இல்லை. தெரியாது.

சூசைதாசன் வலை பொத்திக்கொண்டிருந்தார்.
"நம்புறதுக்கு இதென்ன மாதாவோ?"
பிறகு, ஊசியை வாயில் கவ்வியபடி,
காற்றுகளைச் சொன்னார்.
சோளகம் பிந்தி வருது.
வாடை வந்தாலும் வந்த மாதிரி இல்லை.
கொண்டலை நம்பித் தொழிலுக்குப் போன மருமகன்
மூண்டு நாள் கழிச்சு
வேறை துறையிலை ஏறினவன்.
நான் திரையைத் தள்ளித் தள்ளித் தேடினேன்.
வெப்பம் இருந்தது, மழை இருந்தது,
காற்றுக்கு அதில் இடமில்லை.
ஓரளவு என்பதைத் தொட்டேன்.
என்ன அமத்தினனீ என்று கேட்டார்.
சொல்லவில்லை.

மண்கும்பானில் ஜெசீமா தேத்தண்ணி தந்தார்.
"வெறுந்தேத்தண்ணிதான் பிள்ளை,
எங்கடை கிணத்துத் தண்ணிக்குப் பால் விட்டால் திரையும்."
வாயில் உப்பு நிற்க நான் வாசித்தேன்:
உங்கள் வீட்டு நீரின் தரத்தை
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பிடுக.
அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.
அந்தச் சிரிப்புக்கு இலக்கம் இல்லை.

காற்றாலைக் கேள்விக்கு
ஒரு வீட்டில் இரண்டு பதில்.
தகப்பன்: நல்லது, கரண்ட் பில் குறையும்.
மகன், மோட்டார்சைக்கிளைத் துடைத்தபடி:
"காத்தை விக்கேக்கை எங்களைக் கேட்டவையே?
கம்பி எங்கடை தலைக்கு மேலாலை போகும்,
வெளிச்சம் ஆற்றையோ வீட்டிலை எரியும்."
வீட்டுக்கு ஒரு பதில்தான் போடலாம் என்றேன்.
தாய் குசினிக்குள்ளிருந்து சொன்னா:
"அப்ப என்னைக் கேளும்."
கேட்டேன்.
யோசித்துச் சொல்கிறேன் என்றா.

வேலணையில் தில்லைமலர் வீட்டில்
ஒரு மணித்தியாலம் போயிற்று.
வெங்காயம் அழுகிய வருசத்துக் கடன்சீட்டு
இன்னமும் சுவரில், கலண்டருக்குப் பின்னால்.
"தணித்தல் எண்டால் என்ன?"
புகையைக் குறைக்கிறது, சூட்டைக் குறைக்கிறது.
"நான் காய்ச்சலெண்டு நினைச்சன்.
எங்களிட்டை என்ன புகை?
ஒரு அடுப்பு, ஒரு நுளம்புத்திரி."
"இசைவாக்கம்?"
மாறினதுக்கு ஏற்றமாதிரி
நாங்கள் பழகிக்கொள்ளுறது.
நெடுநேரம் பேசாமல் இருந்தா.
பிறகு விரலை மடக்கினா:
பங்கருக்குப் பழகினம். முகாமுக்குப் பழகினம்.
திரும்பி வந்து கூரையில்லாத வீட்டுக்கு.
இப்ப கிழமைக்கு ஒருக்கா வாற பவுசருக்கு.
"இதுக்குமேலை எதுக்குப் பழகவேணுமெண்டு
அந்தப் பெட்டிக்குள்ளை போட்டிருக்கே?"

கண்டல் நட்டவர்களைப் பற்றியும் சொன்னா.
பதாகை பெரிசு, கன்று சின்னன்.
படம் எடுத்தார்கள், குளிசோடா குடித்தார்கள்.
ஆனால் பத்துக் கன்று பிழைத்ததாம்;
அதில் இப்போது நண்டுக்குஞ்சு நிற்குதாம்.
அதைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறியது.

பின்னேரம் மேற்பார்வையாளர் எடுத்தார்.
"தெரியாது கூடிப்போச்சுது, தங்கச்சி.
விளங்கப்படுத்திக் கேளும்."
சரி சேர் என்றேன்.
தெரியாது என்று சொன்ன ஒருவரையும்
நான் இன்னும் சந்திக்கவில்லை என்று சொல்லவில்லை.

கடைசிக் கேள்வி: வேறு கருத்து உண்டா?
தில்லைமலர் எழும்பி வாசல் வரை வந்தா.
"போன முறையும் ஒரு பிள்ளை வந்து கேட்டது.
நல்ல பிள்ளை, கண்ணாடி போட்டது.
நான் சொன்னதுக்கு அங்கை என்ன சொன்னவை?"
வேறு, குறிப்பிடுக.
நாற்பது எழுத்துக்குத்தான் இடம்.
தட்டினேன்:
போன முறை நான் சொன்னதுக்கு அங்கை என்ன சொ

பண்ணைப் பாலத்தில் சிக்னல் வந்தது.
ஒன்பது படிவமும் ஒன்றாகப் போயின.
இரண்டு பக்கமும் கடல், தெருவுக்குக் கிட்ட.
வீட்டுக்கு அனுப்பினேன்: பவுசர் வந்ததோ?
மணிக்கூட்டுக் கோபுரம் வந்தும் பதில் இல்லை.