காலிமுகத்திடல், நாலரை மணி

நாலாயிரத்து இருநூறு பேருக்கு
என்னைப் பிடித்திருக்கிறதாம்.
சாப்பாட்டு நேரம் சிபானா போனை நீட்டினாள்:
காற்றில் கலைந்த என் தலைமுடி,
கையில் பாதி கடித்த இறால் வடை,
பின்னால் மங்கலாய்க் கடல்.
கீழே ஒரு வரி: ‘தனிமையின் முகம்.’

தனிமையா?
அன்று அரைநாள் லீவு. வீட்டில் சொல்லவில்லை.
ஒரு மாதமாய் ஆசைப்பட்ட வடை.
கட்டச்சம்பல் கொஞ்சம் கூட,
அதுதான் கண் கலங்கியது.

இரவு ஸ்காபரோவிலிருந்து அண்ணா:
“ஆரோடை போனனீ?”
படத்தின் ஓரத்தில்
ஆரோ ஒருவரின் முழங்கை.

எடுத்தவனுக்கு எழுதினேன்.
மரியாதையாய்த்தான் பதில் வந்தது:
பொது இடம்தானே அக்கா.

சரி தம்பி.
கடல் பொது. காற்றும் பொது.
என் பல்லிடையில் மாட்டிய இறால் வால்?

நீக்கிவிட்டான், நல்ல பிள்ளை.
அதற்குள் நான்
ஒரு கவிதைப் பக்கத்தில்,
ஒரு கலியாணத் தரகரின் குழுவில்,
வாயு மாத்திரை விளம்பரமொன்றில்கூட.

நேற்றுத் திரும்பப் போனேன்.
கடலோரக் கட்டில் சோடிகள்.
வெயில் இறங்கி வெகுநேரம்,
ஒருவரும் குடையை மடிக்கவில்லை.
வெட்கமென்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

நானும் விரித்தேன்,
தனியாக.