இரண்டு ஆள் உயர மலை

மலையும் ஏரியும் வேண்டும்,
விளக்கு வெளிச்சம் எதுவும் விழக் கூடாது
என்கிறது போட்டியின் விதி.
எங்கள் மாவட்டக் கரையில் மலை கிடையாது.
ஏரி என்று சொன்னால்
கண்மாய்க்குள் நிற்கும் சீமைக்கருவேலம் சிரிக்கும்.

அதனால் வாலிநோக்கம் உப்பளத்துக்கு வந்தேன்,
பங்குனி அமாவாசை, ராத்திரி இரண்டு மணி,
கீழக்கரை ஜெய்லானியிடம் இரவல் வாங்கிய லென்ஸோடு.
ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஒரு நிக்காஹ் இருக்கிறது,
அதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும்,
உப்புக்காற்று படக் கூடாது என்று
இரண்டு தடவை சொன்னான்.
எங்கே போகிறேன் என்று
நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

வாரிக் குவித்த உப்பு, இரண்டு ஆள் உயரம்.
கேமராவைத் தரையோடு தரையாகப் பதித்தால்
அதற்குப் பனிமலைத் தோரணை வந்துவிடுகிறது.
பாத்தியில் தண்ணீர் நாலு விரல் ஆழம்.
காற்று விழுந்த நேரம் பார்த்துக் குனிந்தால்
அடியே தெரியவில்லை.

காவலுக்கு இருந்த இருளாண்டி
கம்பத்து விளக்கை அணைக்க ரொம்ப யோசித்தார்.
"ஒண்ணுமில்லாத இருட்ட எதுக்குப்பா போட்டா புடிக்கிற?"
ஒரு பீடியை முழுக்கக் குடித்து முடித்தார்.
பிறகு சுவிட்சைத் தட்டினார்.
"இருவது நிமிசம். சூப்பர்வைசர் கேட்டா கரண்டு போச்சும்பேன்."

முதலில் எதுவும் இல்லை.
அப்புறம், வலை இழுபட இழுபட
அடியிலிருந்து வெளுத்து வரும் சூடைமீன் மாதிரி
இங்கொன்று அங்கொன்று,
பிறகு எண்ண முடியாமல்.
தெற்கே தேள்.
அதன் கொடுக்கு பாத்திக்குள்ளும் வளைந்து கிடந்தது,
என் செருப்புக்கு ஒரு முழம் தள்ளி.
உப்பு மலையின் தோளிலிருந்து
புகைபோல எழும்பியது பால்வீதி.

ஐ.எஸ்.ஓ. மூவாயிரத்து இருநூறு.
இருபத்தைந்து விநாடி திறந்திருக்கட்டும்.
முக்காலியின் ஒரு கால் சகதியில் இறங்குகிறது.
அதைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும்,
குடம் பதினைந்து ரூபாய்,
வீட்டில் மிச்சம் இருப்பது இரண்டு குடம்.
நாளைக்கு அதில் ஒரு சண்டை இருக்கிறது.

நான்காவது படம் ஓடிக்கொண்டிருக்கும்போது
வரப்பில் வெளிச்சம் வந்தது.
மணி மூன்றைத் தொடப் போகிறது,
வெயிலுக்கு முன்னால் உப்பு வாருகிறவர்கள்.
நெற்றியில் கட்டிய விளக்குகள், ஒன்பது.
அணைங்கக்கா என்று கத்த வாயைத் திறந்தேன்.
பாத்தி விளிம்பெல்லாம் கண்ணாடிச்சில்லு.
கம்பத்து விளக்கையும் நான் பிடுங்கியாகிவிட்டது.
மூடிக்கொண்டேன்.

கேமரா டக்கென்றது.
திரையில் மலை இருந்தது, ஏரி இருந்தது,
தலைகீழாகவும் ஒரு தேள் இருந்தது.
ஒன்பது பேரில் ஒருத்தர்கூட இல்லை.
நின்றால்தான் உருவம் பதியும்,
அவர்கள் நிற்கவில்லை.
மலையின் இடுப்பை ஒட்டி
ஒன்பது வெள்ளைக் கோடுகள் மட்டும்.
போச்சு, என்றேன் சத்தமாகவே.

ராக்கு அக்கா வாருபலகையைச் சாய்த்துவிட்டு
எட்டிப் பார்த்தார்.
"இதுல நான் எது?"
தெரியலக்கா.
விரல் நிறைய உப்பு. திரையில் படாமல்
ஒவ்வொரு கோட்டுக்கும் மேலாக
விரலை ஓட்டிக்கொண்டே வந்தார்.
எட்டுக் கோடுகள் லேசாக நெளிந்து போயின.
ஒன்று மட்டும்
ஓரடி விட்டு ஓரடி சரிந்தது,
ஏறியது, மறுபடி சரிந்தது,
தையல் தெரியாதவர் போட்ட தையல் மாதிரி.

"இந்தா. இதுதான் என் முட்டி."

பல் தெரியச் சிரித்தார்.
"எக்ஸ்ரேயில ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாக.
கங்காணி, நடிக்கிறேங்கிறான்.
ரெண்டு வருசமா வலிக்குது,
ஒருத்தன் கண்ணுலயும் படல.
எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடு தம்பி,
அவன் மூஞ்சியில காட்டணும்."

இருளாண்டி விளக்கைப் போட்டுவிட்டார்.
பாத்தி வெறும் பாத்தியானது.
அக்கா பலகையை எடுத்துக்கொண்டு போனார்,
போகும்போது
இடதுகால் என்பதை இப்போதுதான் பார்த்தேன்.

சாயல்குடியில் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன்.
எட்டுக்குப் பன்னிரண்டு.
லேமினேஷன் கட்டாயம் என்று சொல்லியிருக்கிறேன்,
உப்புக்காற்று படக் கூடாது.