நான்காவது கேள்வி

நாற்பத்தொரு பிள்ளைகளையும்
மூன்று ரீச்சர்மாரையும்
ரொறன்ரோ நூதனசாலை வாசலில் இறக்கிவிட்டு
பஸ்ஸைப் பின்தெருவில் நிறுத்தினேன்.
மைனஸ் பதினெட்டு.
ஆறு வருடமாக இதே வாசல்.
உள்ளே திமிங்கிலத்தின் தாடை தொங்குகிறதாம்,
பூனையைக்கூடத் துணி சுற்றி வைத்திருக்கிறார்களாம்.
எல்லாம் பின்சீட்டில் கேட்டதுதான்.

ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணி,
ரொட்டிக்குள் சுற்றிய சம்பல்.
எஞ்சினை ஓடவிடாதே என்கிறது பலகை.
கால்விரல்களுக்கு வாசிக்கத் தெரியாது.

இரண்டரைக்கு வந்தார்கள்
ஈரச் சப்பாத்தும் கூச்சலுமாய்.
ரீச்சர் இரண்டுதரம் எண்ணினார்.

மாலை டிப்போவில் கூட்டும்போது
பதினோராம் சீட்டுக்கடியில்
ஒற்றைக் கையுறை, பாதி அப்பிள்,
சப்பாத்துத் தடம் விழுந்த பயிற்சித்தாள்.
பெயர்: மிலேனா.
முதல் கேள்விக்கு விடை டைனோசர்.
இரண்டாவதற்கும் டைனோசர்.
மூன்றாவது வெறுமை.
நான்காவது:
கண்ணாடிக்குப் பின்னால் உள்ள ஒன்றை
ஐந்து நிமிடம் பொறுமையாகப் பார். வரை.

மஞ்சள் பென்சிலில் ஒரு பஸ்.
யன்னலில் தொப்பி,
தொப்பிக்குக் கீழே ரொட்டி கடிக்கும் வாய்,
ஃபிளாஸ்க்கைவிடப் பெரிதாய் ஆவி.

எதனால் செய்யப்பட்டது என்ற கோட்டில்
எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருக்கிறாள்:
தெரியாது. அசைகிறது.

நாளை ஏழு பத்துக்கு அவள் ஏறுவாள்.
தாளைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும்.
கண்ணாடியைத் திருப்பிப் பார்க்கிறேன்.
மூக்கு
அவ்வளவு பெரிதில்லை.