குளிர்ப்பெட்டிக்காரன் கணக்கு

இறந்தது யார் என்று நான் முதலில் கேட்பதில்லை.
பிள்ளைகள் எந்த ஊரில்?
துபாய் என்றால் ஒருநாள் வாடகை.
சிங்கப்பூரும் ஒருநாள்தான்,
சில சமயம் மதியத்துக்குள் பெட்டி திரும்பிவிடும்.
டொராண்டோ என்றால் இரண்டு.
எல்லோரும் உள்ளூர் என்றால் பெட்டியே வேண்டாம்,
ரெண்டு பாளம் ஐஸ் வாங்கிப் போடுங்கள் என்பேன்.

பாஸ்போர்ட் எடுத்தவன் இல்லை நான்.
அப்துல்லாபுரத்து ஓடுபாதையை
வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி.
ஆனாலும் எந்த விமானம் எங்கே இறக்கும்,
எங்கே எத்தனை மணி நேரம் உட்கார வைக்கும்
எல்லாம் அத்துப்படி.
குடியாத்தத்தில் பாதி வீட்டுக்கு
நான்தான் கால அட்டவணை.

கத்திரி தொடங்கிய மறுநாள்
நெல்லூர்பேட்டையில் ஏகாம்பரம்.
மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர்.
மகன் ஆக்லாந்து. மகள் கால்கரி.
மூன்று நாள் என்று மனசுக்குள் எழுதிக்கொண்டேன்.
முன்பணம் கேட்கவில்லை,
டீசலுக்கு மட்டும் வாங்கினேன்.

"ஆக்லாந்து எவ்ளோ தூரம்பா?"
பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்து
கனகாம்புஜம் அம்மாள் கேட்டார்.
பதினோராயிரத்து இருநூறு கிலோமீட்டர்.
"கம்பத்துல சொல்லு.
அவரு எல்லாத்தையும் கம்பத்துலதான் சொல்வாரு.
கம்பத்துக்குக் கம்பம் அம்பது மீட்டர்."
போனில் தட்டிப் பார்த்தேன்:
இரண்டு லட்சத்து இருபத்து நாலாயிரம் கம்பம்.
கொஞ்ச நேரம் கழித்து,
"நடுவுல கடல் இருக்குதே, எங்க நட்டானுங்க?" என்றார்.
முதலில் நான்தான் சிரித்தேன். அப்புறம் அவரும்.

பகல் இரண்டரைக்குக் கரண்ட் போனது,
லைன் இன்ஸ்பெக்டர் வீட்டில்.
ஜெனரேட்டர் கயிற்றை ஏழு தரம் இழுத்தேன்.
உள்ளே நாலு டிகிரி ஆறாச்சு,
ஆறு ஒன்பதாச்சு.
வெளியே நாற்பத்திரண்டு.
அதே நேரம் சிங்கப்பூரில்
போனுக்குச் சார்ஜ் போட ஓட்டை தேடி
அலைந்துகொண்டிருந்தானாம் கோபிநாத்.
பின்னால் சொன்னான்.

இரவு ஒன்பதரைக்கு மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டான்.
அங்கிருந்து குடியாத்தம் நூற்றெழுபது கிலோமீட்டர்.
பெட்டிகள் சுற்றும் பட்டையருகே ஒரு மணி நேரம்,
ஸ்ரீபெரும்புதூரில் லாரி வரிசை,
வாலாஜா சுங்கச்சாவடியில் காரின் ஸ்டிக்கர் வேலை செய்யவில்லை,
பள்ளிகொண்டாவில் டிரைவர் முகம் கழுவி டீ குடித்தார்.
அத்தனை கடலை விழுங்கி வந்தவனுக்கு
இந்தக் கடைசி வாய்தான் தொண்டையில் நின்றது.

மூன்று நாற்பதுக்கு உள்ளே வந்தான்.
கண்ணாடியில் ஆவி.
கைக்குட்டையால் துடைத்தான்,
மறுபடி துடைத்தான்,
சட்டைக் கையை இழுத்துவிட்டு அதனால் துடைத்தான்.
உள்பக்கம் தம்பி, என்றேன்.

மூடியைத் திறக்க ஸ்விட்சை அணைத்தேன்.
விடாமல் ஓடிய மோட்டார் நின்றது.
அந்த வீட்டில் ஒரு சுவர்க்கடிகாரம் இருப்பது
அப்போதுதான் எனக்குக் கேட்டது.

குனிந்து அப்பாவின் காதருகே ஏதோ சொன்னான்.
நான் வயரைச் சுற்றுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.
போன் அடித்தது. ஹேமலதா.
பிராங்க்பர்ட்டில் மாற வேண்டிய விமானம்
இவள் வருவதற்குள் கதவை மூடிவிட்டதாம்.
இனி நாளைக்குத்தான்.

அந்தம்மாள் என்னைப் பார்த்தார்.
"அங்கேர்ந்து எத்தினி கம்பம்?"
கணக்குப் போட போனை எடுத்தேன்.
"வேணாம், வேணாம். மூடு.
கரண்ட்டப் போடு."